மூடியைத் திறந்தால் நிற்க வேண்டும்

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அத்தானுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மாடிப்படியைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடுகிறது. உன் வீட்டுக்காரிக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, நின்றதா?

நல்ல சேதி ஒன்று. பெரியவளுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. வேறெங்கும் இல்லை, நீ மெக்கானிக்காக இருக்கும் அதே தபால் பிரிப்பகத்தில்தான். ஏப்ரல் பதினைந்தாம் தேதி சேர வேண்டும். படித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் காகிதத்தை மூன்று தடவை வாங்கிப் பார்த்தார், எழுத்து மாறிவிடும் என்பதுபோல.

கடைக்குப் போய்ப் போனில் சொல்லியிருக்கலாம். கடைக்காரர் பக்கத்தில் நின்று முழுக்கக் கேட்பார். அதனால் எழுதுகிறேன். அவள் உன் வீட்டில்தான் இருப்பாள், அதில் பேச்சே இல்லை. சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டாள். பேச்சில் குறை வைக்கவும் மாட்டாள். எந்தப் பிரிவில் போடுவார்கள், என்ன மாதிரி உடுத்த வேண்டும் என்றெல்லாம் விசாரித்து எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். இருமல் நின்றுவிட்டது. அத்தானைக் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் கொஞ்சம் யோசித்துச் செய்யலாம் என்று எனக்குப் படுகிறது. இங்கே சத்தம் அதிகம், பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். காகிதத் தூசி மூக்கில் ஏறி ஒரு மாதம் தும்ம வைக்கும். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. கவுன்டர் வேலை வேண்டும் என்று மனு எழுதிப் போட்டால் மாற்றித் தருகிறார்கள் என்று கேள்வி. ஆறு மாதம் தள்ளிச் சேர்ந்தாலும் தவறில்லை.

எங்கள் வீடும் உனக்குத் தெரியும். ஒரே அறை. வயசுப் பெண்ணுக்கு வசதிப்படாது.

இப்போது வேலை நெரிசல். மூன்றாவது லைனில் ஒரு அம்மாவுக்குக் கையில் அடிபட்டு ஆள் குறைவு. அதனால்தான் பதில் தாமதம். தவறாக நினைக்காதே.

அன்புடன்,
தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு எல்லோரும் நலம். மனசுக்குத்தான் சரியில்லை.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் தம்பிக்குப் பாரமா இருக்கும்னா விடு, ஒரு ஹாஸ்டல் பார்ப்போம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரே அறை என்கிறாய். நாம் ஏழு பேர் வளர்ந்தது எத்தனை அறையில்? வேலை தேடி வந்து என் வீட்டு வராந்தாவில் இரண்டு வருஷம் படுத்திருந்தாயே, அப்போது எனக்கு என்ன அரண்மனையா இருந்தது? இதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று எழுதவில்லை. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். தூசி, தும்மல் என்று சுற்றி வளைக்காதே. நீ சின்ன வயசில் பொய் சொன்னால் காரணம் ஒன்றுக்கு மூன்றாக வரும். இப்போதும் அப்படித்தான் வந்திருக்கிறது.

அடிபட்ட அம்மா யார்? எப்படி அடிபட்டது?

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோரின் நலமும் அறிய ஆவல். நீ எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. பெரியவள் தாராளமாக வரட்டும். என் வீட்டில் அவளுக்கு இல்லாத இடமா? அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். கடிதங்களைக் கட்டுக் கட்டாக மெஷினின் முன்பக்கத்தில் அடுக்குவார்கள். ரப்பர் உருளைகள் ஒவ்வொன்றாக இழுத்துப் பட்டைமேல் விடும். முத்திரை விழுந்து, ஊர் வாரியாக அறைகளில் போய் விழும். உருளைகளுக்கு மேல் ஒரு மூடி. ஏதாவது சிக்கினால் மூடியைத் திறந்து எடுக்க வேண்டும். தேர்வு விண்ணப்பம் வரும் காலத்தில் சிக்கல் அதிகம். போட்டோவைக் குண்டூசியால் குத்தி அனுப்பிவிடுகிறார்கள்.

மூன்றாவது லைனில் இருக்கும் அம்மாவை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சத்தத்திலும் காலை முதல் மாலை வரை பேச்சு ஓயாது. பின்கோடு ஆயிரத்துக்கு மேல் மனப்பாடம். பிப்ரவரி ஆறாம் தேதி பகல் மூன்று மணி இருக்கும். ஏதோ சிக்கியிருக்கிறது. மூடியைத் திறந்து கையை விட்டிருக்கிறார். மெஷின் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

விசாரணை நடக்கிறது. அவசரத்தில் பக்கவாட்டு இடுக்கு வழியாகக் கையை விட்டுவிட்டார், அவருடைய கவனக்குறைவு என்றுதான் அறிக்கை வரும் போலிருக்கிறது. அப்படி வந்தால் வேலையும் போகும், நஷ்டஈடும் கிடைக்காது. பாவம்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீ அத்தானிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உன் முந்தின கடிதத்தை அவர் அன்றைக்கே மறந்துவிட்டார்.

நான் இரண்டு நாளாக உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒரு இடத்தில் அந்த அம்மா மூடியைத் திறந்தார், மெஷின் நிற்கவில்லை என்கிறாய். கொஞ்சம் கீழே பக்கவாட்டில் கையை விட்டார் என்கிறாய். இரண்டில் எது?

திறந்தால் நிற்க வேண்டிய மெஷின் ஏன் நிற்கவில்லை? அதைப் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை? அங்கே எத்தனை மெக்கானிக்?

அக்கா

ஏப்ரல் 5

தம்பிக்கு,

பதினெட்டு நாள் ஆயிற்று. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் வீட்டுக்காரி நலமா?

கடிதம் பிரிக்கிற இடத்திலேயே நிற்பவனுக்கு என் கடிதம் வந்து சேரவில்லை என்று நான் நம்ப மாட்டேன். நான் கேட்டது நாலே கேள்வி. பெரியவளுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறாள். அதற்குள் எழுது.

அக்கா

ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதும் கடிதம். நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. இவர் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறார். பதில் எழுத உட்கார்கிறார். அரைப் பக்கம் எழுதுவார், கிழிப்பார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, லோடு ஜாஸ்தி" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கிளம்புகிறார். போன வாரம் பின்னாலேயே நானும் போனேன். வாசலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, உள்ளே போகாமலே திரும்பிவிட்டார். கையில் வாங்கிய பழத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். "பார்த்தேன், நல்லா இருக்காங்க" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. பெரியவளைக் கட்டாயம் அனுப்புங்கள். வீட்டில் பேசுவதற்கு ஒரு ஆளாவது இருக்கும். நான் எழுதியதை இவரிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி

ஏப்ரல் 19

அம்மாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அத்தை நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள். அப்பா கால் எப்படி இருக்கிறது? என் அலமாரியைத் தங்கச்சி தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்.

எனக்கு மூன்றாவது லைனில் இடம். விரல் இழந்த அந்த அம்மா இருந்த இடமாம். அவருடைய ஸ்டூலில் இரண்டு மாதமாக யாரும் உட்காரவில்லை. எனக்கு அது தெரியாது, முதல் நாளே போய் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்காட்டி விரலுக்கு ஒரு ரப்பர் உறை தந்திருக்கிறார்கள். இன்றைக்குக் கட்டு அடுக்குவதில் பக்கத்து லைனை முந்திவிட்டேன்.

மாமாதான் ஒரு மாதிரி இருக்கிறார். மணிக்கு ஒரு தடவை எங்கள் லைனுக்கு வருவார், மூடியைத் திறப்பார், மெஷின் நிற்கும், மூடிவிட்டுப் போய்விடுவார். ஒரு தடவை நின்றால் திரும்ப ஓட நாலு நிமிஷம் ஆகும். பக்கத்து லைன் அக்கா, "உங்க மாமாவுக்கு என்ன வியாதி?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நேற்று சாக்கு அடுக்கியிருக்கும் பக்கம் போனேன். அந்தப் பக்கமாக நின்று சூப்பர்வைசர் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமைலேர்ந்து லோடு ரெண்டு மடங்கு. அந்த ஒயரைத் திரும்பப் போட்டுடு." மாமா, "முடியாது சார்" என்றார். "முன்னாடி முடிஞ்சுதே?" என்றார் அவர். "உன் அக்கா பொண்ணு இன்னும் டெம்பரரிதான், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

அது என்ன ஒயர் என்று வீட்டில் மாமாவிடம் கேட்டேன். "சாப்பிடு" என்றார். நான் ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா அம்மா?

உன் பெரியவள்

ஏப்ரல் 23

தம்பி,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

பெரியவள் எழுதியிருக்கிறாள். அவள் காதில் விழுந்தது அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒயரைப் போட்டது நீதானே?

என் பெண் அந்த இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டுகிறாள். மறுபடி போட்டாயா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது. இல்லையென்றால் நானே வண்டி ஏறி வந்து உன் சூப்பர்வைசர் முன்னாலேயே கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

போடவில்லை. முதலில் அதைப் படித்துக்கொள். மறுபடி போடவில்லை. மணிக்கு ஒரு தடவை நான் போய்த் திறந்து பார்த்ததும் அதற்காகத்தான். எனக்குத் தெரியாமல் வேறு யாரையாவது வைத்துப் போட்டுவிடுவார்களோ என்று பயம்.

முன்னால் போட்டது நான்தான்.

ஜனவரி கடைசியில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சிக்கியது. சிக்கும்போதெல்லாம் மூடியைத் திறக்க, மின்சாரம் அறுந்து, நாலு நிமிஷம் போகும். இறக்கிவைத்த சாக்குகள் கூரையைத் தொட்டன. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "மூடி சுவிட்சுக்கு ஒரு ஒயரைப் போட்டு விடுப்பா. அப்ளிகேஷன் சீசன் முடியற வரைக்கும்தான்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. விரல் நீளத்துக்கு ஒயரை வெட்டிச் சுவிட்சின் இரண்டு முனையையும் இணைத்தேன். ஐந்து நிமிஷ வேலை. அதற்கப்புறம் மூடி திறந்திருந்தாலும், சிக்கிய காகிதத்தை எடுத்த உடனே உருளை ஓடியது. லைனில் யாருக்கும் காரணம் தெரியாது. நான் மெஷினைப் பழுதுபார்த்துவிட்டேன் என்று நினைத்தார்கள். ரேடியோ அம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதை நான் குடித்தேன்.

ஒன்பதாவது நாள் அது நடந்தது. எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அவருடைய ரத்தத்தை யாரும் துடைப்பதற்கு முன்னால் அதைச் செய்தேன் அக்கா. மறுநாள் அதிகாரிகள் வந்து மூடியைத் திறந்தார்கள். மெஷின் டக்கென்று நின்றது. "சுவிட்ச் சரியாத்தான் இருக்கு" என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, பேசிக்கொண்டே போனார். "எனக்கே ஞாபகம் இல்ல தம்பி. மூடியைத் திறந்த மாதிரிதான் இருக்கு. ஆனா சுவிட்ச் சரியா இருக்குன்னு சோதிச்சுச் சொல்லிட்டாங்க, திறந்திருந்தா நின்னிருக்குமே. அப்ப நான்தான் பக்கத்துல கையை விட்டிருக்கணும். எல்லாம் இந்தக் கையோட அவசரம்." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ குழந்தையைத் திட்டுவதுபோல அதைத் திட்டினார்.

அப்போது சொன்னேன். "நீங்க திறந்தீங்க. நிக்காம பண்ணினது நான்தான்."

அவர் பேச்சு நின்றது. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு, "எண்பது நாளா என் கையை நானே வைதுக்கிட்டு இருந்தேனே தம்பி" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மகன் வந்து கதவைக் காட்டினான்.

நேற்று விசாரணையின் கடைசி நாள். போவதற்கு முன் சூப்பர்வைசர் சொன்னார், "கழட்டினது உன் கை. நான் போடச் சொன்னேன்னு எங்கயாவது எழுத்து இருக்கா?" இல்லை. ஆனாலும் அதிகாரியிடம் எல்லாம் சொன்னேன். மற்ற லைன்களையும் திறந்து பார்க்கச் சொன்னேன். ஐந்தாவதிலும் ஏழாவதிலும் அதே மாதிரி ஒயர் இருந்தது. அவை நான் போட்டவை அல்ல. அதற்குப் பிறகுதான் அதிகாரி பேனாவை எடுத்தார்.

இன்று முதல் என்னைத் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்திருக்கிறார்கள். போலீசுக்கும் போகலாம் என்கிறார்கள். பெரியவளை நீ திரும்ப அழைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

தம்பி

மே 21

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

மூன்று வாரம் எழுதவில்லை. எழுதினால் உன்னைத் திட்டியிருப்பேன். திட்டி எழுதி, கிழித்தும் போட்டேன். அது நம் குடும்பத்துப் பழக்கம் போலிருக்கிறது.

அத்தான், "கடைசியில உண்மையைச் சொல்லிட்டானே" என்கிறார். சொன்னாய், சரி. எனக்கு அந்தக் கடைசி நாள் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. அதற்கு முந்திய எண்பது நாள்தான் தெரிகிறது. அதில் பத்துப் பன்னிரண்டு நாள் என் பெண் அங்கே இருந்தாள். நீ மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்தாய். மற்ற ஐம்பத்தொன்பது நிமிஷம்? வர வேண்டாம், ஆபத்து என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. வீட்டைக் குறை சொன்னாய், தூசியைக் குறை சொன்னாய். உன்னைத் தவிர எல்லாவற்றையும் குறை சொன்னாய்.

பெரியவளைத் திரும்பி வரச் சொன்னேன். "வர மாட்டேன். இப்ப எந்த மூடியைத் திறந்தாலும் மெஷின் நிக்குதும்மா" என்று எழுதிவிட்டாள்.

அந்த அம்மாவின் முகவரியை அனுப்பு. மூன்றாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், பெரியவள் வரட்டும். முதலில் அவரைப் பார்க்கிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகுதான் உன் வீடு.

அக்கா

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூவரும் நலம். அத்தான் கால் தேவலை என்று பெரியவள் சொன்னாள், சந்தோஷம். நீ வந்து போனதிலிருந்து வீட்டில் சோறு மிஞ்சுவதில்லை.

அந்த அம்மா வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தாய். என்ன பேசினீர்கள் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

உத்தரவு வந்துவிட்டது. அந்த அம்மா மேல் தவறில்லை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். நஷ்டஈடு உண்டு, வேலையும் உண்டு. சூப்பர்வைசர் மேல் வழக்கு. என் மேலும் உண்டு, அடுத்த மாதம் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வக்கீல் எனக்குச் சாதகமாக ஒன்றிரண்டு விஷயம் சொல்லலாம் என்கிறார். நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்றேன். அதுவரை சாக்கு இறக்கும் மேடையில் போட்டிருக்கிறார்கள். மெக்கானிக் வேலை இனி எனக்கு இல்லை. தோள் வலிக்கிறது, பழகிவிடும்.

போன திங்கட்கிழமை அந்த அம்மா வேலைக்கு வந்தார். மேஜை வேலை. மெஷின் படிக்க முடியாத முகவரிகளைப் பார்த்து ஊர் சொல்வது. பின்கோடு எல்லாம் அப்படியே நினைவிருக்கிறதாம். பெரியவளோடு நாள் முழுக்கப் பேசுகிறார். மேடை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். என்னைத் தாண்டித்தான் போகிறார். என்னோடு பேசவில்லை.

இப்போது புது மெக்கானிக் தினமும் காலையில் எல்லா மூடியையும் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். நல்ல பையன், ஒழுங்காகத்தான் பார்க்கிறான். ஆனாலும் அந்த அம்மா தன் மேஜைக்குப் போவதற்கு முன் மூன்றாவது லைனுக்குப் போகிறார். பெரியவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இடது கையால் மூடியைத் திறக்கிறார். உருளை முழுக்க நிற்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்கிறார். மூடுகிறார். அதற்குப் பிறகுதான் அவளை உட்கார விடுகிறார். அந்த நாலு நிமிஷம் லைனில் யாரும் முணுமுணுப்பதில்லை.

நான் மேடையிலிருந்து பார்க்கிறேன். மெஷின் திரும்ப ஓடும் சத்தம் கேட்டதும் அடுத்த சாக்கைத் தூக்குகிறேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

தம்பி